பச்சை டேக்

புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாத ஒருவரிடமிருந்துதான் நான் முதன்முதலாகப் புத்தகம் இரவல் வாங்கினேன். எங்கள் கம்பெனி பஸ்ஸில் நாலாவது வரிசை ஜன்னலோரம் அவருடைய சீட். படப்பையில் ஏறுவார். நான் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஏறும்போது, மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பாதி அத்தியாயம் முடித்திருப்பார். பஸ்ஸில் மற்ற எல்லோரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்போம். காலை ஷிஃப்டுக்கு வருகிறவன் பஸ்ஸில் தூங்காமல் வேறென்ன செய்வான் என்று நினைக்கிற ஆள் நான். ஆரம்பத்தில் அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "என் பேரு இன்னாத்துக்கு? டேக்குல கூட இன்ஸ்பெக்டர் நம்பர்தான போடுறோம்" என்பார். எங்களுக்கு நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் டேக் அக்கா. இரண்டும் அவருக்குத் தெரியும்.

அது கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி. ஒரு காருக்குள் ஓடுகிற அத்தனை ஒயரையும் சேர்த்து, டேப் சுற்றி, கனெக்டர் மாட்டி, ஒரே கட்டாக அனுப்புவோம். நான் ஸ்டோரில் இருந்தேன். அவர் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். சரியாக இருந்தால் பச்சை டேக், திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள், தேறவே தேறாது என்றால் சிவப்பு. எங்கள் பக்கம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்த மூன்று கலர்தான். அவர் இந்த மூன்றையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் புத்தகங்களுக்கு வைத்துவிட்டார்.

வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார் என்று சொன்னது கலரை மட்டும்தான். நாள் முழுக்க அவர் கையில் டேக் ரோல் இருக்கும், ஆனால் அதிலிருந்து ஒன்றைக்கூடத் தன் புத்தகத்துக்கு எடுத்ததில்லை. மூன்று கலரில் சார்ட் பேப்பர் வாங்கி, விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். புத்தகங்கள் எல்லாம் காரியப் புத்தகங்கள். குறைந்த சாமான்களோடு குடும்பம் நடத்துவது, குப்பையை எருவாக்குவது, மொட்டை மாடியில் காய்கறி போடுவது, கிழிந்ததைத் தைப்பது, குறைந்த கேஸில் சமைப்பது இப்படி. முக்கால்வாசி தாம்பரத்தில் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியது. படித்துப் பார்த்து, செய்து பார்த்து, அந்தந்தப் பக்கத்தில் டேக் ஒட்டி, அதன்மேல் பேனாவால் ஒரு வரி எழுதிய பிறகுதான் வெளியே இரவல் போகும்.

அந்த ஒரு வரிகளுக்காகவே நான் பிறகு அந்தப் புத்தகங்களைப் படித்தேன். வாழைப்பழத் தோலால் ஷூ பாலிஷ் போடலாம் என்று ஒரு புத்தகம். அதில் சிவப்பு டேக்: 'ஷூவுக்குள் எறும்பு.' பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பாத்திரம் கழுவலாம் என்பதற்குப் பச்சை: 'நன்றாகப் போகிறது. நுரை வராது. மாமியார் நம்பமாட்டார்.' சோறு ஒரு கொதி வந்ததும் இறக்கி, பானையைப் பழைய கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் தானே வேகும் என்பதற்கு இரண்டு டேக். பச்சரிசிக்குப் பச்சை. புழுங்கலுக்கு மஞ்சள்: 'இன்னும் ரெண்டு கொதி விடவும்.' எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் மூன்று மாதம் ஊறவைத்துத் தரை துடைக்கிற திரவம் செய்யும் முறைக்கும் மஞ்சள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பாட்டில் வெடித்துச் சமையல்கட்டுச் சுவரெல்லாம் தோல். டேக்கில், 'தினமும் மூடியைத் திறந்து காற்றை விடவும். புத்தகத்தில் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார். அந்தக் கதையை பஸ்ஸில் எங்களிடம் சொல்லும்போது, தானே வெடித்த மாதிரி கையை விரித்துக் காட்டினார்.

மனநிறைவோடு வாழ்வது எப்படி என்று ஒரு புத்தகத்தின் கடைசி அத்தியாயம். அதில் மட்டும் ஒரு மஞ்சள் டேக் வருஷக்கணக்காக ஒட்டியிருந்தது. 'ட்ரையல் நடக்கிறது.' அவ்வளவுதான்.

மொத்தம் பதினாலு புத்தகம். பதினைந்தாவது ஒன்று வந்தால் பழையது ஒன்று யாருக்காவது நிரந்தரமாகப் போய்விடும். ஏன் என்று கேட்டேன். "சிம்பிளா வாழறது எப்டின்னு அம்பது புக்கு வாங்கி அடுக்குனா, அத்த வெக்க ஒரு பீரோ வாங்கணும் தம்பி" என்றார்.

என்னிடம் முதல் புத்தகம் வந்தது ஒரு சாப்பாட்டுப் பையால். பையைத் தூக்குகிற காது அறுந்து தொங்கியது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கம்பெனி கேட் அருகே குப்பைத் தொட்டியில் போடப்போனேன். பின்னால் இறங்கியவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பை நல்லாதான கீது. காதுதான போச்சு" என்றார். மறுநாள் தையல் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள்.

"அக்கா, நான் ஆம்பளை" என்றேன்.

"ஊசிக்கு அது தெரியாது" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது. ஆனாலும் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் பச்சை டேக்கில் 'பையின் காதுக்கு இந்தத் தையல். மூன்று வருஷமாக நிற்கிறது' என்று இருந்தது. சும்மா புத்தி சொல்கிறவர்கள் மேல் எனக்குக் காண்டு. மூன்று வருஷம் தானே தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

வேலையிலும் அவர் அப்படித்தான். எங்கள் லோடு ஏற்றுகிற இடத்துக்கும் அவர் டேபிளுக்கும் பத்தடி தூரம், எல்லாம் காதில் விழும். ஒருமுறை ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் செய்து வந்த குவியலில், இரண்டு கட்டுகளில் கனெக்டர் லேசாக ஆடியது. மஞ்சள் டேக் போட்டு ஒதுக்கிவிட்டார். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"வண்டி நிக்குதும்மா. கஸ்டமர் லைன் நின்னுடும்."

"நிக்கட்டும் சார். கார் ரோட்ல நிக்கிறதுக்கு வண்டி இங்க நிக்கட்டும்."

"ஆடுறது ரெண்டுதானே?"

"நான் பாத்ததே அஞ்சுதான் சார். அஞ்சுல ரெண்டு."

எங்கள் தொழிலில் எல்லாக் கட்டையும் பிரித்துப் பார்க்க நேரம் கிடையாது. லாட்டுக்கு ஐந்து எடுத்துப் பார்ப்பது, ஐந்தும் சரியென்றால் லாட் மொத்தத்துக்கும் பச்சை. அதுதான் முறை. அந்த முறையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதே முறைதான் பிறகு அவர் காலை வாரியது. அதனால் இந்த ஐந்து கணக்கை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படப்பையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே இரண்டு அறை. ஆறு தட்டு, ஆறு டம்ளர், ஒரு ஃபேன். ஆனால் வெறுமையாக இல்லை. ஜன்னல் கம்பியில் பாகற்கொடி, வாசலில் பழைய பெயின்ட் வாளிகளில் கத்தரியும் கீரையும். வாளிகள் அவர் கணவருடையவை. அவர் பெயின்டர். எனக்கு டீ கொடுத்துவிட்டு அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார்: "கல்யாணமாயி இருவது வருசம் ஆவுது தம்பி. இன்னும் என்னை மஞ்சள் டேக்லதான் வெச்சினு கீறா." உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "செவப்பு போடலியேன்னு சந்தோசப்படு." அந்த வீட்டில் இருந்த சிரிப்பு எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டில் சாமான்கள் அதிகம், சிரிப்பு கொஞ்சம் கம்மி.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் குடிதண்ணீர் என்றால் கேன்தான். எந்தத் தெருவில் நுழைந்தாலும் வீட்டு வாசலில் ஒரு காலி கேன் நிற்கும், அடுத்த லோடுக்குக் காத்துக்கொண்டு. அக்காவுக்கு அந்த பிளாஸ்டிக்கைக் கண்டால் ஆகாது. "வெயில்ல லாரி மேல நாள் பூரா காயுது அந்தக் கேன். அத்த குடிக்கிறோம்" என்பார். அவருடைய புத்தகம் ஒன்றில் மூன்று பானை முறை இருந்தது. மேல் பானையில் அடுப்புக்கரி, நடுப் பானையில் கழுவிய மணலும் கூழாங்கல்லும், அடியில் காலிப் பானை. மேலே ஊற்றினால் சொட்டுச் சொட்டாக வடிந்து, அடியில் தெளிந்த தண்ணீர் சேரும்.

மூன்று மாதம் அவரும் கணவரும் அதைத்தான் குடித்தார்கள். கலங்கல் இல்லை, வாடை இல்லை, வயிறு ஒன்றும் செய்யவில்லை. பச்சை டேக் போட்டார். பஸ்ஸில் விஷயம் பரவியது. இதுவரை எந்தப் புத்தகத்துக்கும் இவ்வளவு கிராக்கி வந்ததில்லை. ஒரு புத்தகத்தை எத்தனை பேருக்கு என்று கொடுப்பது? அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை டேக் ஒட்டிக் கொடுத்தார். ஒன்பது வீட்டுக்குப் போனது. அதில் ஒன்று என் வீடு.

என் மனைவி கொண்டாடிவிட்டாள். பானை தேடி வாலாஜாபாத் வரை போய் வந்தாள். மணலை ஏழு தண்ணீரில் அலசினாள். அடிப் பானையின் தண்ணீரை டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "கண்ணாடி மாதிரி கீது பாரேன்" என்றாள். கேன்காரனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, கோடையில், நாலு வயசு என் மகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. விடிந்து பத்து மணிக்குள் பிள்ளை துணி மாதிரி துவண்டுவிட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடிக்கொண்டேயிருந்தார். டாக்டரம்மா என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "மணலும் கரியும் கலங்கலை எடுக்கும், கிருமியை எடுக்காதுங்க. பார்க்கத் தெளிவா இருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். பஸ் ஏறியதும் நேராக நாலாவது வரிசைக்குப் போய் நின்றேன். என்னென்ன பேசினேன் என்று முழுதாக எழுத எனக்கே வெட்கம். "புக்கு படிச்சிட்டு பெரிய விஞ்ஞானியா நீங்க? எம் பொண்ணு என்ன உங்க இன்ஸ்பெக்‌ஷன் பீஸா?" என்று கத்தியது நினைவிருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த மொத்த பஸ்ஸும் விழித்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

அவர் மடியில் திறந்திருந்த புத்தகத்தை மூடினார். "பாப்பா இப்ப எப்டி கீது?" என்றார். தேறிவிட்டாள் என்றேன். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

"டேங்கர் தண்ணி. கோடையில எங்க லைன்ல போர் தண்ணி எறங்கிடும்ல."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "நான் பைப்பு தண்ணிலதான் பாத்தேன். எங்க தெருவுல மருந்து போட்டு வுடுற தண்ணி. அது முன்னாடியே சுத்தம்" என்றார். "ஒரு சாம்பிள பாத்துட்டு லாட்டையே பாஸ் பண்ணிட்டேன். கம்பெனில அஞ்சாவது பாப்பேன். வூட்ல ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு ஒம்போது வூட்டுக்கு பச்சை போட்டேன். தப்பு என்னுதுதான் தம்பி" என்றார்.

சண்டைக்குப் போனவனுக்கு எதிராளி தப்பை ஒப்புக்கொண்டுவிட்டால் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. நான் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் அவர் படப்பைக்குப் போகவில்லை. ஒரகடத்தில் என்னோடு இறங்கி என் வீட்டுக்கு வந்தார். நான் கூப்பிடவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் திருப்பி, ஊசி போட்ட இடத்தைத் தடவிக் கொடுத்தார். என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தானக்கா ஆசப்பட்டு செஞ்சேன். இன்னும் நல்லா அலசியிருக்கணும்" என்றாள்.

"நீ செஞ்சதெல்லாம் சரிம்மா. நான் சொன்னதுதான் தப்பு" என்றார் அவர். சுவரில் ஒட்டியிருந்த ஜெராக்ஸ் தாளை எடுத்தார். பச்சை டேக்கைக் கிழித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். 'கலங்கல் மட்டும் போகும். கிருமி போகாது. கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது' என்று எழுதி, என் மனைவியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கார் கம்பெனிகள் ரீகால் என்று ஒன்று செய்யும். விற்றுப்போன வண்டியில் ஏதாவது பார்ட் சரியில்லை என்று பிறகு தெரிந்தால், ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை வண்டியையும் திரும்பக் கூப்பிட்டு அதை மாற்றிக் கொடுக்கும். எங்கள் தொழிலில் அந்த வார்த்தையைக் கேட்டாலே மேனேஜர் முதல் கீழே வரை வேர்க்கும். அக்கா தன் ஜெராக்ஸ் தாள்களை ரீகால் செய்துகொண்டிருந்தார். போனில் சொன்னால் போதாதா என்று யாரோ பஸ்ஸில் கேட்டார்கள். "போன்ல சரிசரின்னுவாங்க. சாயங்காலம் தாகம் எடுத்தா அதே பானையிலதான் மொண்டு குடிப்பாங்க" என்றார். ஷிஃப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து ஒவ்வொரு வீடாகப் போனார். சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், உங்களால்தான் எங்கள் அப்பாவுக்கு வயிறு கெட்டது என்று, தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாததற்கெல்லாம் சேர்த்துத் திட்டினார்களாம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தாளோடு திரும்பினார்.

ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தார். "எட்டு முடிஞ்சிது தம்பி. ஒண்ணு பாக்கி. உங்கிட்ட வண்டி கீதுல்ல?"

பாக்கி இருந்தது ஒரு தென்காசிப் பெண். முன்பு எங்கள் லைனில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். எங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அவள் கணவன்தான் தாளை வாங்கிப் போனது. கணவனுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்து மறைமலை நகருக்குப் போய்விட்டார்கள். போன் நம்பர் மாறிவிட்டது. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எங்கேயோ லைன் வீடு என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அவள் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். அந்த வயசுக் குழந்தைக்கு இந்தத் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் பைக்கை எடுத்தேன்.

எங்கள் ஷிஃப்டுக்கு வார லீவு புதன்கிழமை. சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனோம். மறைமலை நகரில் இறங்கிப் பார்த்தால் தெருத்தெருவாக ஒரே மாதிரி லைன் வீடுகள். ஒரு வரிசைக்குப் பத்துப் பதினைந்து கதவு. எங்கே என்று தேடுவது? நான் ஒவ்வொரு கதவாகத் தட்டலாம் என்றேன்.

"தட்டாத. வாசல்ல கேன் இல்லாத வூடா பாரு" என்றார்.

பானை வைத்த வீட்டுக்கு ஏது கேன்? இரண்டு தெருவில் எல்லா வாசலிலும் கேன் நின்றது. மூன்றாவது தெருவில், நடுவில் ஒரு வாசல் காலியாக இருந்தது. கதவைத் தட்டினால் இடுப்பில் குழந்தையோடு அவளேதான் திறந்தாள்.

"ஏக்கா! வாங்க வாங்க. எப்படிக் கண்டுபிடிச்சிய?"

கொழுகொழுவென்று இருந்த குழந்தை அக்காவின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அக்கா உட்காரக்கூட இல்லை. "இதுக்கு இன்னா தண்ணி குடுக்குற?" என்றார்.

"பிள்ளைக்கு கொதிக்க வச்ச தண்ணிதான் குடுக்கணும்னு நர்ஸம்மா சொல்லிட்டாவ. பானைத் தண்ணி எங்க ரெண்டு பேருக்கும் மட்டுந்தான்க்கா."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அந்த ஒரு வாரமும் அவர் எதைச் சுமந்துகொண்டு அலைந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தாளை வாங்கிக்கொண்டார். எனக்கு, வேலை முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்று இருந்தது. வெளியே வந்த அக்கா நின்றுவிட்டார்.

"கடைசி வூட்லயும் கேன் இல்லியே. யாரு அது?"

"அந்த அண்ணனுக்கும் நாந்தான்க்கா சொல்லிக் குடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டாவ. அவுக வீட்ல மூணு பிள்ளைய" என்றாள் அவள். பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அந்த வீடு பூட்டியிருந்தது. புருஷன், மனைவி இரண்டு பேரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. நாலு மணிக்கு மேல்தான் வருவார்கள் என்றாள். அப்போது மணி ஒன்று.

"அந்தத் தங்கச்சி சொல்லிடும்க்கா. வாங்க போலாம்" என்றேன்.

"அது சொன்னா ஏன்னு கேப்பாங்க. பதிலு என்கிட்டதான கீது" என்று சொல்லிவிட்டு, கடைசி வீட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரை மணி நேரம். நான் வண்டிமேல் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டும், முணுமுணுத்துக்கொண்டும் இருந்தேன். நாலரைக்குக் கம்பெனி பேட்ஜ் தொங்க அந்த ஆள் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றார்.

"தம்பி, நான் பண்ண தப்பு ஒண்ணு உங்க வூட்ல கீது. எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவைத் திறந்தார். பிள்ளைகள் உள்ளே ஓடின. அக்கா பானையைக் காட்டி, டேக்கைக் காட்டி, தான் பார்த்தது எந்தத் தண்ணீர், இங்கே வருவது எந்தத் தண்ணீர் என்று விளக்கினார். அவர் சந்தேகமாக எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க கேன் தண்ணி ஆளுங்களா? யாவாரம் படுத்துடுச்சின்னு வீடு வீடா அனுப்பிட்டானுங்களா?"

"இல்ல தம்பி. நானே எழுதிக் குடுத்த பேப்பருதான் இது."

"நீயே எழுதுவ, நீயே வந்து செவப்பு ஒட்டுவியா? ஒரு மாசமா குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவல. போம்மா."

அக்காவிடம் அதற்குமேல் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. சிவப்புத் தாளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். உள்ளே, பெரிய பெண் பையைப் போட்டுவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு பானைப் பக்கம் போவது தெரிந்தது.

நான் வண்டியை விட்டு இறங்கிப் போனேன்.

"அண்ணே, இவங்க பேச்ச கேட்டுத்தான் எங்க வூட்லயும் இந்தப் பானைய வெச்சோம். எம் பொண்ணு ரெண்டு நாள் டிரிப்ஸ்ல கெடந்தா. நான் இவங்கள பஸ்ஸு மொத்தமும் பாக்க வாய்க்கு வந்தபடி திட்டுனேன். அன்னிக்கு சாயங்காலமே எங்க வூட்டுக்கு வந்தாங்க. உங்கள இவங்களுக்கு யாருன்னே தெரியாது. மத்தியானத்துலருந்து சோறு தண்ணி இல்லாம உங்க வாசல்ல குந்தினு கீறாங்க. இவங்க சொல்றத நம்புண்ணே."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு சட்டென்று உள்ளே திரும்பினார்.

"பாப்பா, அத்த குடிக்காத. கீழ ஊத்து" என்றார்.